ஞானக்கா ஊன்றிய பொடுதலை

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்காரர் வாசலில் வந்து நின்றபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "மேரியம்மே, ஞானக்கா போயாச்சு. மகன் போன்ல விளிச்சுச் சொன்னான்" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. "எங்க அடக்கம்?" என்றுதான் கேட்டேன். "வேற எங்க, புதிய சிமெண்டு அறையிலதான்" என்றார். அப்போது அழுதேன்.

சபையில் ஞானக்காவை அறியாதவர் இல்லை. தம்பானூர் ஓட்டலில் பாத்திரம் கழுவியவர். சுருதி தப்பினாலும் சத்தமாகத்தான் பாடுவார். எனக்கு அவர் பழக்கமானது கல்லறைத் தோட்டத்தில். அவர் கணவரின் மண்மேட்டுக்கு அடுத்தது என் மகன் செல்வினுடைய மேடு. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன் என் பிள்ளை.

அவன் மேட்டைச் சிமெண்டால் கட்டித் தருகிறேன் என்று சொன்னவர் என் கணவரின் அண்ணன். ஈஸ்டர் போகட்டும் என்றார். அந்த ஈஸ்டருக்கு அவர் வீட்டுக்கு இரும்பு கேட் வந்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் நான் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டாத மேடு மழையில் கரைந்து தரையாகிவிட்டால், அடுத்த சவத்துக்கு அந்த இடத்தைத் தோண்டுவார்கள். நான் செல்வினின் தலைமாட்டில் ரோஜா வைத்து, குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானக்கா ஒருநாள் கேட்டார்: "ஏட்டி மேரி, நீ ரோஜாவப் பாக்க. மழையில மண்ணு ஒலிச்சுப் போவுதே, அதப் பாத்தியா?"

அடுத்த ஞாயிறு தன் கிணற்றடியிலிருந்து பொடுதலைக் கொடியைச் சாக்கில் அள்ளி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேடு முழுக்க ஊன்றினார். "இது தரையோட ஒட்டிக் கெடக்கும். கணுவுக்குக் கணு வேரு விடும். மிதிச்சாலும் சாவாது. இதுக்கு ஆளே வேண்டாம், கேட்டியா?"

"எனக்க மகனுக்கு ஆளு வேண்டாமா? நான் சாவுற வரைக்கும் வருவேன்."

"நீ செத்த பெறவு?"

தாயிடம் கேட்கிற கேள்வியா அது? அந்த இடவப்பாதிப் பருவமழை முடியும்வரை நான் அவரோடு பேசவில்லை. கோயிலில் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். கேட்டதை இன்றும் மன்னிக்கவில்லை.

மழையில் ரோஜா அழுகிவிட்டது. பொடுதலை பாய் விரித்ததுபோல் மேட்டைப் பிடித்துக்கொண்டது. கிராம்பு அளவில் வெள்ளைப் பூ வேறு. மழை விட்டதும் கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் கபியார் மண்வெட்டியோடு இடம் தேடி வந்தார். சுற்றிலும் பல மேடுகள் தரையாகிக் கிடந்தன. செல்வினின் மேட்டை மண்வெட்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டு" என்று சொல்லி அப்பால் போனார். நான் குனிந்து கொடியைத் தொட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்து ஞானக்காவின் குரல் வந்தது: "பெணக்கு தீந்தாச்சுன்னா ஒரு சாயா வாங்கித் தாட்டி."

அதன்பின் எல்லா ஞாயிறும் ஆராதனை முடிந்து அங்கேதான் இருப்போம். நான் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவேன். "அதுக்குத் தண்ணி வேண்டாம்டி" என்பார். "எனக்கு வேணும்" என்பேன். "அப்ப எனக்க ஆளுக்கும் கொஞ்சம் ஊத்து. உயிரோட இருந்தப்ப மனுஷன் தண்ணி மட்டும் குடிச்சதே இல்ல."

கணவருக்குப் பக்கத்தில் தனக்கு ஓர் ஆள் அகலம் விட்டு வைத்திருந்தார். இனி மண்ணில் குழி கிடையாது, எல்லோருக்கும் சிமெண்டு அறைதான் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தபோது, நேரில் போய்க் கேட்டார். இடமில்லை என்றார்கள். இதை வாசிக்கும் கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன்: இடம் இருந்தது. நான் ஞாயிறுதோறும் பார்த்த இடம் அது.

அடக்கத்துக்கு, செல்வினின் மேட்டிலிருந்து ஒரு கொடி கிள்ளிக் கொண்டுபோனேன். ஞானக்காவை அறைக்குள் வைத்து, பலகை போட்டு, சிமெண்டு பூசினார்கள். மகன் பிளாஸ்டிக் பூ வைத்தான். என் கையிலிருந்த கொடியை ஊன்ற அங்கே ஒரு பிடி மண் இல்லை. திரும்பி வந்து, அவர் தனக்கென்று விட்டிருந்த இடத்தில் ஊன்றினேன்.

போன ஞாயிறும் பாட்டிலோடு போனேன். மூன்று இடத்திலும் ஊற்றினேன். வேண்டாம்டி என்று சொல்ல ஆளில்லை. பாட்டில் காலியான பிறகும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஞானக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான்: என் மகன் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறான்.