துரைசாணிக்காகப் பிடித்த கொம்பு ஓணான்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நான் வெயிட்டராக இருந்தேன். நம் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணிகளைப் பார்ப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருவார்கள். அவர்களைக் காரில் பக்கத்துக் காட்டுக்கு அழைத்துப் போகும் ஏற்பாடு ஹோட்டலில் இருந்தது. எனக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும் என்பதால் பேச்சுத் துணைக்கு என்னையும் ஏற்றி விடுவார்கள். வழிகாட்டுபவர், காட்டோரத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த ஓர் அண்ணன். விறகுக்குப் போய்ப் போய் அந்தக் காடு அவருக்கு அத்துப்படி.

ஒருமுறை வயதான வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் தனியாக வந்தார். மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணானை, அது வாழும் மரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷ ஆசையாம். மறுநாள் கொழும்பில் அவருக்குக் கப்பல்.

"ஓணானப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தாங்க?" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அன்றைக்கென்று தூறல். பாதி ஏற்றத்திலேயே துரைசாணி வழுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி ஏற முடியாது என்று தெரிந்ததும் அவர் கண் கலங்கியது. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, நீங்க இங்கனயே இருங்க. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

வெகுநேரம் கழித்து, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். கையில் நீளமான புல் தண்டு. அதன் சுருக்கில் கொம்பு ஓணான் தொங்கியது. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் ஓணான் பிடித்தது அப்படித்தான். இதுவோ நகரவே யோசிக்கும் சாதுவான ஜீவன். இறங்கி வருவதற்குள் கழுத்து இறுகிச் செத்திருந்தது.

"நல்லாப் பாருங்க துரைசாணி!"

துரைசாணியின் முகம் வாடிப்போனது. அட்டை கடித்து ரத்தம் வழியும் அண்ணனின் கால்களைப் பார்த்தார். பிறகு ஓணானை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, வராத சிரிப்பை வரவழைத்து, நன்றி சொல்லும்படி என்னிடம் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. காரில் திரும்பும் வழியெல்லாம் துரைசாணி அழுதுகொண்டே வந்தார்.

அடுத்த தடவை வேறு ஆட்களோடு போனபோது, அண்ணன் ரோட்டோரத்திலேயே காத்திருந்தார். கையில் கொத்தாக ஓணான்கள்.

"இனிமே யாரும் மலையேறிக் கஷ்டப்பட வேணாம் தம்பி. விடியறதுக்குள்ள போயிப் புடிச்சாந்துட்டேன்."

எல்லாமே செத்துத் தொங்கின. அவரைத் தனியாக அழைத்துப் போய், துரைசாணி அழுததைச் சொன்னேன். கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதுகளாச்சும் பொழச்சிருக்குமே தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் வழிகாட்ட வரவேயில்லை.

மனம் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் துரைசாணியும் நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம். கடைசியில் அந்த நல்ல மனிதர்தான் எங்கள் இருவரையும்விட அதிகமாக நொந்துபோனார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.