தலைவர் பெயருக்குக் காத்திருந்த கதவு

எங்கள் பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே வெள்ளை ஓடு, பளபளவென்று குழாய், மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படம். கதவில் பூட்டு. அந்தப் பூட்டும் நல்ல பூட்டுதான். ஒரு வருஷத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் அசையாமல் தொங்கியது.

பூட்டுக்குக் காரணம் வாசலில் பதித்திருந்த கல். மந்திரி பெயர், எம்.எல்.ஏ. பெயர் எல்லாம் அதில் வெட்டியாகிவிட்டது. நடுவில் ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அது அத்யக்ஷர் பெயருக்கான இடம். மைசூரை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் பட்டண பஞ்சாயத்துத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். தமிழ் பேசுகிற வீட்டிலும் அந்தக் கன்னடச் சொல்தான். அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்று கோர்ட்டில் வழக்கு நடந்ததால் ஊருக்கு அத்யக்ஷரே இல்லை. அத்யக்ஷர் இல்லாததால் கல்லில் பெயர் இல்லை. கல் முடியாமல் திறப்பு விழா இல்லை. விழா இல்லாமல் பூட்டைத் தொடக் கூடாது. ஆபீசில் சீஃப் ஆபீசர் இதை எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கல்லில் பெயர் இல்லாவிட்டால் ஒண்ணுக்குப் போகக் கூடாது என்பதை நாலாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள்போல.

நான் அந்தப் பஞ்சாயத்தில் ஒரு மெம்பர். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, பேசாமல் கையெழுத்து மட்டும் போடக்கூடிய ஒருத்தியைக் கட்சிக்காரர்கள் தேடினார்கள். எங்கள் வீதியில் வந்து தேடியது அவர்கள் செய்த தப்பு. ஹனூர்ப் பக்கத்தில் பிறந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் நான். என் மாமியாரே என்னை ஒரு நாளும் பேசாமல் இருக்க வைக்க முடியவில்லை.

மெம்பர் வேலை என்னவென்று கேட்டால், போனை எடுப்பதுதான். விடிவதற்குள் தண்ணீர் வரவில்லை என்று ஒரு போன். தண்ணீர் வந்து சாக்கடையோடு சேர்ந்துவிட்டது என்று அடுத்த போன். தெரு விளக்கு பகலில் எரிகிறது என்று ஒருவர், ராத்திரியில் எரியவில்லை என்று இன்னொருவர். விசாரித்தால் இரண்டும் ஒரே விளக்காக இருக்கும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கீரைக்காரியின் முகம். அவள் பிறந்தது எங்கள் ஹனூருக்கு அடுத்த கொள்ளேகால் பக்கம், எனக்குத் தங்கை முறை மாதிரி. முதல் பஸ்ஸில் கீரை மூட்டையோடு வந்து, பூட்டிய கதவுக்கு எதிரே உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டாள். எழுந்திருக்க நேர்ந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். நாக்கை நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடிவிடுவாள். ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் ஊரில் சுவருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சுவரிலும் இங்கே கூடாது என்று எழுதியிருக்கும், அதைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போவார்கள்.

பெரியாஸ்பத்திரியில் அவளுக்குக் கிட்னியில் கல் என்று சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் உட்காருவதை விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். புருஷன் போன பிறகு அவள் மகன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கோணிச் சாக்கு விரிக்கிற இடம்தான் அவளுக்கு வீடு, வாசல், கைக்காசு எல்லாம்.

"தீபாவளிக்குள்ள இந்தக் கதவு தொறக்கலைன்னா, எடத்தப் பூக்காரிகிட்ட குடுத்துட்டு ஊட்டுல உக்காந்துக்கறனக்கா," என்றாள் ஒரு நாள். "மருமக இப்பவே என்ற கட்டிலத் திண்ணைப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டா."

அந்தக் கட்டில் விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் கோர்ட்டு வழக்கு முடிந்து, அத்யக்ஷர் தேர்தல் வந்தது. மெம்பர்கள் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். நிற்பவர்கள் இரண்டு பேர், ஒருவர் அரிசி மில்காரர், இன்னொருவர் சிமெண்ட் கடைக்காரர். இரண்டு பக்கமும் கை சமமாக இருந்தது. மிச்சமிருந்தது என் கை. வாழ்நாளில் அந்தக் கைக்கு அத்தனை மரியாதை கிடைத்ததில்லை. மில்காரர் காலையில் வந்து என் முழங்கால் வலியை விசாரித்தார். சிமெண்ட் கடைக்காரர் மத்தியானம் வந்து, என் வீட்டுப் பூனையைத் தடவிக் கொடுத்தார். இருவரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன், கதவை எப்போது திறப்பீர்கள் என்று. மில்காரர் கமிட்டி போட்டு ஆலோசிக்கலாம் என்றார். சிமெண்ட் கடைக்காரர், நாற்காலியில் உட்கார்ந்ததும் திறந்துவிடுவேன் என்றார். நான் சிமெண்ட் பக்கம் சாய்ந்தேன்.

சாய்ந்தால் வேனில் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ஓட்டு நாள்வரைக்கும் தன் பக்கத்து மெம்பர்களைக் கோயில் குளம் என்று சுற்றிக் காட்டுவார்கள். பக்தியால் இல்லை. ஊரில் விட்டு வைத்தால் எதிர்ப்பக்கத்துக்காரர் அள்ளிக்கொண்டு போய்விடுவாரே என்றுதான். சிமெண்ட் கடைக்காரர் எங்களை வேனில் ஏற்றி, எல்லோருடைய போனையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் போன் சும்மா கிடந்தது. என் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மில்காரர்தான் என்னை இழுக்கப் பார்க்கிறார் என்று கடைக்காரர் அவசரமாக எடுத்துக் காதில் வைத்தார். எங்கள் வீதிக் கோடிவீட்டுப் பெண் சாக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் பேசினால் நடுவில் நிறுத்த முடியாது. அதை முடித்து வைத்தால், தண்ணீர் வரவில்லை என்று அடுத்தவர். நரசீபுரம் தாண்டுவதற்குள் அவர் எங்கள் வார்டின் நாய்த் தொல்லைவரைக்கும் கேட்டுவிட்டார். கொள்ளேகால் வந்ததும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மாதேஸ்வரன் மலையில் சாமி கும்பிட்டதும் ஆணை வைக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாதப்பன் மேல் ஆணையாக என் ஓட்டு இவருக்கே என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னார்கள். என் முறை வந்ததும் நான் திருநீற்றை அவர் கையில் வைத்தேன்.

"மொதல்ல நீங்க சொல்லுங் தம்பி," என்றேன். "சேர்ல உக்காந்ததும் கதவத் தொறப்பேன்னு."

கோயில் பூசாரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொன்னார். பிறகு நானும் சொன்னேன்.

மலையிலும் எங்களை வைத்திருக்கப் பயந்து, எல்லையில் இருக்கும் பாலாறு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோனார். மாநிலம் தாண்டிவிட்டால் மில்காரரின் ஆட்கள் தேட மாட்டார்களாம். மேட்டூரில் மீன் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். மலையை விட்டு இறங்கும்வரை பக்தியோடு இருந்த மெம்பர்கள் செக்போஸ்ட் கண்ணில் பட்டதுமே மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

செக்போஸ்டில் ஒரு காவலர் ஜன்னலோரம் என்னைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று தமிழில் கேட்டார்.

"தெரியலைங் சாமி," என்றேன். "ஒளிச்சு வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க. போனையெல்லாம் புடுங்கிட்டாங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் விசில் ஊதினார். எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்க வைத்தார்கள். மெம்பர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டையோடு வெயிலில் நிற்க, கடைக்காரர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், யாரையும் கடத்தவில்லை, இது ஜனநாயகம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். காவலருக்குக் கடத்தல் என்றால் விளங்கியிருக்கும், இது விளங்கவில்லை. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நான்தான் போய், எல்லாம் நம்ம ஆளுங்கதான், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லி மீட்டேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை கடைக்காரர் என்னை முன்சீட்டில், தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் காற்று நன்றாக வந்தது.

ஓட்டு நாளில் தாசில்தார் வந்து உட்கார்ந்தார். சிமெண்ட் கடைக்காரருக்குக் கை தூக்குங்கள் என்றதும் வேனில் வந்த கையெல்லாம் எழுந்தது. நான் காதைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவர் முகம் வெளிறியதைப் பார்த்துவிட்டு, காதிலிருந்து கையை அப்படியே மேலே கொண்டுபோனேன். அவர் அத்யக்ஷர் ஆனார். மாலை, பட்டாசு, மைசூர்பாகு எல்லாம் ஆயிற்று. மறு வாரமே கல்தச்சன் வந்து வெறும் வரியில் அவர் பெயரை வெட்டினான்.

கீரைக்காரி அன்றைக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நம்பிக் குடித்துவிட்டாள், பாவம். கதவு திறக்கவில்லை.

போய்க் கேட்டால் ஆஷாடம் என்றார் அத்யக்ஷர். நம் ஆடி மாசம்தான். ஆஷாடத்தில் மந்திரி எதையும் திறந்து வைக்க மாட்டாராம். முடிந்ததும் தேதி கேட்கலாம், அதற்குள் மந்திரி வெளிநாடு போகாமல் இருக்க வேண்டும் என்றார். ஆணையைப் பற்றிக் கேட்டேன். திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே, நாற்காலியில் உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்றார்.

இதைக் கீரைக்காரியிடம் வந்து சொன்னேன். அவள் கொத்தமல்லிக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கொத்தமல்லிக்குத் தெளித்த தண்ணீர்கூட அவள் வயிற்றுக்குப் போகவில்லை.

"ஆடி மாசம்னு என்ற வயித்துக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

அப்போது அத்யக்ஷர் அறையில் நான் பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. புது அத்யக்ஷர் வந்ததும் அறைக்குப் புது சோபா போட்டு, பக்கத்திலேயே ஒரு பாத்ரூமும் கட்டியிருந்தார்கள். கண்ணாடி, வெந்நீர், மல்லிகை வாசனை. அதற்கு மட்டும் கல்லும் இல்லை, ஆஷாடமும் இல்லை.

சந்தை நாளன்று கீரைக்காரியைக் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் வெட்கத்தில் வாசலிலேயே நின்றாள்.

"வா புள்ள, நம்ம பஞ்சாயத்துதான்," என்று உள்ளே தள்ளினேன்.

அத்யக்ஷர் காண்ட்ராக்டர்களோடு முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். கீரைக்காரி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவரும் எழுந்து கும்பிட்டார். நல்ல மனுஷன்தான், பெண்கள் கும்பிட்டால் உட்கார்ந்தபடி பதில் கும்பிடு போட மாட்டார். அவள் பாத்ரூமுக்குள் போனாள். வெளியே வந்ததும் நன்றிக்கு ஒரு கும்பிடு. அவர் மறுபடி எழுந்தார். அவளுக்குப் பின்னால் பூக்காரி. அவளுக்குப் பின்னால் வெற்றிலைக்காரி, அவரைக்காய்க்காரி, ரோட்டோரம் வளையல் விற்கிறவள். போகும்போது ஒரு கும்பிடு, வரும்போது ஒரு கும்பிடு. காண்ட்ராக்டர் ரோட்டைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம். நான் புது சோபாவில் உட்கார்ந்து, அடுத்தவளை அனுப்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு டீச்சரம்மாவும் விஷயம் தெரிந்து வரிசையில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் அத்யக்ஷருக்கு வியர்த்தது. டீச்சரம்மாவுக்குப் பின்னால் ஸ்கூல் இருக்கிறதே.

"இன்னும் எஷ்டு ஜனம்மா?" என்று கேட்டார். தமிழும் கன்னடமும் சேர்ந்து வந்தது.

"இது சந்தைக்கு வந்தவங்க மட்டும்தானுங்க அத்யக்ஷரே," என்றேன். "பஸ்ல வர்றவங்களுக்கு இன்னும் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். பாலாறு செக்போஸ்டில் பார்த்த அதே பார்வை. பிறகு சிரித்துவிட்டார், காண்ட்ராக்டர்களும் சிரித்தார்கள். சீஃப் ஆபீசரைக் கூப்பிட்டு ரகசியமாக ஏதோ பேசினார். சீஃப் ஆபீசர் படித்தவர், அவருக்கு வழி தெரியும். கட்டடத்தைத் திறக்கத்தான் கூடாது, குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று பரிசோதனை செய்யலாம் என்றார். பரிசோதனைக்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வரிசையில் தயாராக இருந்தார்கள். சாவி வந்தது.

இன்றுவரை அந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஆபீஸ் கணக்கில் அந்தக் கழிப்பறை இன்னும் திறக்கவில்லை. கல்லின் மேல் மஞ்சள் துணி மூடியிருக்கிறது, மந்திரி வந்துதான் விலக்க வேண்டும்.

கீரைக்காரி இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மகன் வீட்டில் கட்டிலையும் பழையபடி உள்ளே திருப்பிப் போட்டுவிட்டாளாம். இப்போது பெரிய பாட்டிலாகக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் குடிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் போதும், பாத்துக்கோ அக்கா என்று எழுந்து போய்விடுவாள். மெம்பர் என்கிற மரியாதை இல்லாமல் கோணிச் சாக்கில் உட்கார்ந்து நான் கீரை விற்கிறேன். சாக்கடை, தெரு விளக்கு எல்லாப் புகாரையும் அங்கேயே வந்து சொல்லிவிட்டுக் கீரையிலும் பேரம் பேசுகிறார்கள்.

போன வாரம் அத்யக்ஷரே காரை நிறுத்தி இறங்கி வந்தார். வீட்டில் கொத்தமல்லி கேட்டார்களாம். முன்னால் இருந்த வாடின கட்டைக் கொடுத்தேன். நல்லதாகக் கொடுங்கம்மா என்றார். நல்ல கட்டெல்லாம் வெயில் படாமல் ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது.

"அதுக்கு மேல துணி மூடியிருக்குதுங்க," என்றேன். "மந்திரி வந்துதான் தொறக்கோணும்."

எதிர்க் கதவைத் திறந்துகொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கீரைக்காரி வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். குனிந்து சாக்கை விலக்கி, இருப்பதில் பெரிய கட்டாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.