ரமிரோவுக்கு ஒதுக்கிய ஆறடி

என் மனிதர் பேரின்பநாதன் இப்போது செத்தவீடுகளுக்குப் போவதில்லை. மொன்றியலில் தமிழர் யார் கண்ணை மூடினாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும் என்றிருந்த காலம் இருபத்திரண்டு வருடம். மண்டபம் பிடிப்பது, ஐயருக்குச் சொல்வது, எரியூட்ட நேரம் எடுப்பது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாமான் எழுதிக் கொடுப்பது, கடைசியில் சாம்பலை ஆற்றில் கரைக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது, எல்லாம் அவர்தான். துறைமுகப் பக்கத்துக் கிடங்கில் எட்டு மணி நேரம் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்ட கை காயுமுன் ஓடுவார். இப்போது யாராவது கூப்பிட்டால், "குணசீலனைக் கேளுங்கோ, அவருக்கு எல்லாம் தெரியும்" என்று வைத்துவிடுகிறார். அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாகச் சனம் கதைக்கிறது. கதைக்கிற வாய்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை, நாங்கள் போன பிறகு படிக்கட்டும் என்று இதில் எழுதுகிறேன்.

அந்தக் கிடங்கில் ரமிரோ என்றொரு மெக்சிக்கோக்காரன் வேலை செய்தான். முப்பத்திமூன்று வயது. அவனிடம் இருந்த அடையாள அட்டையில் வேறு யாரோ ஒருவரின் பெயர். முகவர் வழியாக வந்தவன், வதிவிடக் கடுதாசி இல்லாதவன். இவரோடு நல்ல ஒட்டு. நான் கட்டிக் கொடுக்கிற புட்டில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போகிறது என்று நான் இவரை ஏசியதுண்டு.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதம், அவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. இவர் அவனுடைய நிலக்கீழ் அறைக்குத் தேடிப் போனார். சளிச்சுரம் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அப்படியே படுத்திருந்து செத்திருந்தான். கதவைத் தள்ளித் திறந்தவர் இவர்தான்.

அட்டையில் இருந்த பெயரை வைத்துத் தேடினால் யார் கிடைப்பார்கள்? அவனுடைய வீட்டு இலக்கம் இவரிடமும் இல்லை. ஐந்து கிழமை உடல் குளிரறையில் கிடந்தது. ஒருவரும் வரவில்லை. இவர் போய்க் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்தார்.

"வேதக்காரரைப் புதைக்கிறதெல்லே, எரிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"இஞ்சை வெள்ளைக்காரரே எரிக்கினம், ராணி. ஐஞ்சு கிழமையாக் கிடக்கிறான் அந்தப் பிள்ளை. இனியும் கிடக்கவிடேலாது."

செத்த உடம்பைக் காக்கவைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஊறிப்போன புத்தி. அவனுடைய ஆட்களின் புத்தி வேறாக இருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நெஞ்சில் ஒரு சிலுவையை வைத்து எரித்தார். சாம்பல் பெட்டியைக் கொண்டுவந்து கீழ்த்தளத்து அலுமாரியில் வைத்தார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, வித்தியா. ஆனியில் அவளுக்குக் கலியாணம். வைகாசிக் கடைசி ஞாயிறு வீட்டில் பலகாரச்சூடு. பத்துப் பதினைந்து பெண்கள் வந்து சட்டி வைத்து, நல்ல நேரத்தில் முதல் பலகாரம் போட வேண்டும். அந்த வீட்டுக்குக் கீழே யாரோ ஒருவனின் சாம்பல்.

"உந்தச் சாம்பலை எப்ப கரைக்கப் போறியள்?"

"கொஞ்சம் பொறு. அவன்ரை ஆக்கள் தேடி வந்தா?"

"ஆர் வரப்போயினம்? பேரே களவுப் பேர். என்ரை பிள்ளையின்ரை காரியத்துக்குச் செத்தவீட்டுத் துடக்கு வேண்டாம். சனிக்கிழமைக்குள்ளை அது வெளியிலை போகவேணும்."

ஒரு கிழமை முழுக்க இதே பாட்டு. நான் பிடித்தால் விடமாட்டேன் என்பது லாசால் பகுதியில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். சனிக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போய்க் கரைத்துவிட்டு வந்தார். வெறும் பெட்டியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார். பலகாரச்சூடு சிறப்பாக நடந்தது. முதல் பலகாரம் பொன்னிறமாக வந்தது என்று எல்லாரும் மெச்சினார்கள்.

ஆடியில் அழைப்பு வந்தது. ரமிரோவின் தங்கை நோர்மா. உல்லாச விடுதியில் வேலை செய்து ஆங்கிலம் படித்தவள். ஏதாவது நடந்தால் கூப்பிடு என்று அண்ணன் இவருடைய இலக்கத்தைக் கொடுத்து வைத்திருக்கிறான். அவன் இடைக்கிடை நான்கைந்து மாதம் பேசாமலிருப்பவனாம், அதனால் பொறுத்திருந்தார்களாம். இவர் அவன் செத்ததையும் எரித்ததையும் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் அழுகை. பிறகு அவள் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவள் ஆங்கிலத்தில் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இப்ப அவன் உங்களிட்டைத்தானே இருக்கிறான்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று வாயசைத்தேன். இவரும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சோறு இறங்கவில்லை மனிதருக்கு. நேரில் போய் உண்மையைச் சொல்லிக் காலில் விழப்போவதாக நின்றார். "வெறுங்கையோடை போய் ஒரு தாயின்ரை முன்னாலை நிக்கப் போறியளோ?" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். ரொக்ஸ்பரோவில் என் தம்பி வசீகரனின் வளவில் விறகெரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மேப்பிள் விறகுச் சாம்பலை அள்ளி, மா அரிக்கிற அரிதட்டால் அரித்து, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மெல்லிசாக்கி, அந்தப் பெட்டியில் நிரப்பினேன். செய்தது நானேதான்.

"மனிசச் சாம்பல் உப்பிடி இராது, ராணி. அதுக்குள்ளை எலும்பு கிடக்கும்."

"ஆர் கிண்டிப் பாக்கப் போயினம்?"

ஐப்பசியில் போனோம். மெக்சிக்கோ என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய உடுப்போடு போனேன். ஒஹாக்கா நகரத்திலிருந்து ஆறு மணி நேரம் வான் வண்டியில் மலை ஏறினால், பைன் மரங்களும் மூடுபனியும் எலும்பைக் குடைகிற குளிரும்தான். வழியெல்லாம் இவர் பெட்டியை மடியில் வைத்திருந்தார். முதலில் நோர்மாவைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொல்வது, அவள் தாய்க்குச் சொல்லட்டும், பெட்டியைக் கையிலேயே கொடுக்காமல் விடுவது. அப்படித்தான் முடிவு செய்திருந்தார். நானும் களைத்துப்போய்ச் சரியென்று விட்டிருந்தேன்.

வண்டி நின்ற இடத்தில் ஊரே நின்றது. ஊர் எல்லை வளைவுக்குக் கீழே பித்தளை வாத்தியக்காரர் இருபது பேர். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். பெண்கள் மெழுகுதிரியும் செம்மஞ்சள் பூவும் வைத்திருந்தார்கள். இவர் காலைக் கீழே வைத்ததும் வாத்தியம் தொடங்கியது. ஊர்த் தலைவர் வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். கூட்டத்துக்குள்ளிருந்து என் தோளளவு உயரமுள்ள ஒரு மனுசி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். தாய் பெத்ரா. பக்கத்தில் நின்ற நோர்மாவின் காதில் இவர் ஏதோ சொல்ல முயன்றதைக் கண்டேன். வாத்தியச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவருடைய கை தானாகவே பெட்டியைக் கொடுத்தது.

வேதக்கோயிலுக்கு நடக்கும்போது நோர்மா ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அங்கே ஒவ்வொரு ஆளும் ஊருக்குச் சம்பளமில்லாத வேலை செய்ய வேண்டும். ரோட்டுக்குக் கல் சுமக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், காவலுக்கு நிற்க வேண்டும். வெளிநாடு போனவனுக்கும் விலக்கில்லை. செய்யாதவனுக்குச் சுடுகாட்டில் இடமில்லை. சுடுகாடு என்று பழக்கதோசத்தில் எழுதிவிட்டேன், அங்கே எல்லாரையும் புதைப்பதுதான்.

"அண்ணை போய் ஆறு வருசம். அவன்ரை முறை எல்லாத்தையும் அம்மாதான் செய்தவ. ஆம்பிளையளோடை நிண்டு கல்லுச் சுமந்தவ. எப்ப எண்டாலும் திரும்பி வருவான், வந்தா அவனுக்கு அப்பாவுக்குப் பக்கத்திலை இடம் வேணும் எண்டு."

பெத்ராவின் கைகளை அப்போதுதான் கவனித்தேன். விரல்கள் கோணி, மூட்டுகள் வீங்கியிருந்தன. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கோயில் நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு சவப்பெட்டி. உள்ளே புதுச் சட்டை, காற்சட்டை, தோற்செருப்பு, ஆள் படுத்திருக்கிற ஒழுங்கில் விரித்து வைத்திருந்தார்கள். சாம்பலை அந்தச் சட்டைக்குள் போடுவதற்காகப் பெத்ரா பெட்டியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள்.

அந்தக் கை அப்படியே நின்றது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கொஞ்சம் எடுத்து உரசிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தாள். ஊர் முழுக்கப் பின்னால் நின்றது. நான் கோயில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெத்ரா சவப்பெட்டி மேல் குனிந்தாள். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் எல்லாவற்றையும் மெதுவாகக் கொட்டி, கையால் தடவிவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். தானே மூடியை இழுத்து மூடினாள்.

புருசனுக்குப் பக்கத்தில் அடக்கம் நடந்தது. ஊர்த் தலைவர் பேசினார், வாத்தியம் வாசித்தார்கள், எல்லாரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். இவரும் போட்டார். பின்னேரம் ஊருக்கே சாப்பாடு. சாப்பிட்டு முடிய, பெத்ரா எங்கள் இரண்டு பேரையும் நோர்மாவையும் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்று கல் வைத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் தன் பாசையில் சொல்ல, நோர்மா மொழிபெயர்க்கத் தொடங்கி, அரைவாசியில் நின்று தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் மறுபடி சொன்னாள்.

"அம்மா கேக்கிறா," என்றாள் நோர்மா. அவளுடைய குரல் மாறியிருந்தது. "ஏழு வயசிலையிருந்து அடுப்பு ஊதுறன், அடுப்புச் சாம்பல் எனக்குத் தெரியாதோ எண்டு. இது என்ன மரம் எண்டு கேக்கிறா."

"மேப்பிள்," என்றார் இவர். பிறகு நிலத்தில் குந்திவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து கிழமை, சிலுவை, அலுமாரி, ஆறு. எங்கள் சாதிசனத்தில் சாம்பலை வீட்டில் வைப்பதில்லை என்றார். பொறுக்காமல் போனதும் கரைத்ததும் தன்னுடைய பிழை என்றார். விறகுச் சாம்பலை அரித்து நிரப்பிய பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். என் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. நான் வாயைத் திறக்க நினைத்தேன். திறக்கவில்லை.

நோர்மா அழுதழுது மொழிபெயர்த்தாள். பெத்ரா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"ஊருக்குச் சொல்லவேண்டாமாம்," என்றாள் நோர்மா. "உள்ளை ஆள் இல்லை எண்டு தெரிஞ்சா அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுத்திடுவினமாம். அது அம்மா கல்லுச் சுமந்து வாங்கின இடமாம். அவன்ரை பேர் அதிலை இருக்கட்டுமாம். சாகும்வரைக்கும் நாங்கள் நாலு பேரும் வாய் திறக்கக் கூடாதாம்."

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெத்ரா அதைக் கவனிக்கவில்லை. எழும்பி என்னிடம் வந்தாள். நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். தன் தோளில் கிடந்த கறுப்புக் கம்பளிச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு ஏதோ கேட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேக்கிறா."

"ஒரு மகள்," என்றேன்.

"கலியாணம் முடிச்சிட்டாவோ?"

"ஓம். ஆனியிலை."

பெத்ரா கோணிப்போன அந்த விரல்களால் என் நெற்றியில் சிலுவை வரைந்தாள். நோர்மா சொல்லுமுன்னமே எனக்கு விளங்கிவிட்டது. என்றாலும் அவள் சொன்னாள்.

"உங்கடை மகள் ஒரு குறையும் இல்லாமல் நல்லா வாழவேணுமாம்."