மெண்டலின் கல்லறையில் ஐந்து கற்கள்

1986 செப்ரெம்பர் 28, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு மோர்னிங்சைட்டில் பஸ் ஏறினேன். "இஞ்சாருங்கோ, பூசையை விட்டிட்டு யூதற்றை சேமக்காலைக்கோ போறியள்?" என்று மனைவி வாசலில் நின்று கேட்டாள். மன்னார்க் கத்தோலிக்கர் நாங்கள். கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்போம். எந்தச் சேமக்காலைக்குப் போனாலும் புண்ணியம்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவள் நம்பவில்லை.

கென்னடி நிலையத்தில் இறங்கிச் சுரங்க ரயில் பிடித்து, ஸ்பாடைனாவில் படியேறி வெளியே வரும்போது பத்தரை. மொறிஸ் காருடன் காத்திருந்தார். நான் அயன் போடும் கோட்டுத் தொழிற்சாலையில் அவர் துணி வெட்டுபவர். வயது அறுபத்தெட்டு. அவர் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன்.

முதலில் கென்சிங்ரன் சந்தை. இருபத்தைந்து சதத்துக்கு ஒரு பேகல் வாங்கித் தந்தார். வட்டமான, நடுவில் துளையுள்ள ரொட்டி. நம் உளுந்து வடைக்கு முன் நிற்காது. ஒரு போர்த்துக்கேய மீன்கடையின் மேல்மாடியைக் காட்டினார். அவருடைய பாட்டனார் மெண்டல் குடியிருந்த வீடு. போலந்துக் கிராமமொன்றிலிருந்து தனியே கப்பலேறி வந்தவர். தள்ளுவண்டியில் கந்தலும் போத்தலும் சேர்த்து விற்றார். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட ஆறு வருடம் பிடித்ததாம். பிறகு ஒரு தையல் இயந்திரம் வாங்கி அந்த மாடியில் வைத்தார். துணி வெட்டும் மேசைக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் படுத்தெழும்பினார்கள். அதில் மூத்தவர் மொறிஸின் தகப்பன்.

"இப்ப மிச்சம் நானும் என்ரை தங்கச்சி எஸ்தரும்தான்" என்றார்.

ஐந்து வருடங்களுக்கு முன் தாயின் சாவீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வார்த்தை தடித்துவிட்டது. எஸ்தர் வன்கூவர் பக்கம் போய்விட்டாள். இவர் எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. போன மாரியில் அவள் செத்துவிட்டதாக ஒருவர் சொன்னாராம். மெய்யா பொய்யா என்று தெரியவில்லை. உயிரோடிருந்தால், யூதப் புதுவருடத்துக்கு முந்திய இந்த நாட்களில் எங்கிருந்தாலும் பாட்டனார் கல்லறைக்கு வந்து போவாள் என்பது அவருடைய நம்பிக்கை.

பதினொன்றே முக்கால். நகரின் மேற்கே பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிச் சேமக்காலை வாசலில் கார் நின்றது. மொறிஸ் இறங்கவில்லை. அவர்கள் யூதரின் முதல் குருவான ஆரோனின் வம்சம். அந்த வழியில் வந்த ஆண்கள் கல்லறைகளிடையே கால் வைக்கக்கூடாது, பெண்களுக்குத் தடையில்லை. என்னைக் கூட்டி வந்ததன் காரணம் அதுதான்.

"நாலாம் வரிசை. கல்லிலை விரிச்ச ரெண்டு கை செதுக்கியிருக்கும். இந்த வருசம் ஆரும் வந்தவையோ எண்டு மட்டும் பார்த்து வாரும்."

கல்லைக் கண்டுபிடித்தேன். பூ இல்லை. மெழுகுதிரி எரிந்த அடையாளமில்லை. மேலே ஐந்து கூழாங்கற்கள் கிடந்தன. எந்தக் குழப்படிப் பொடியள் வைத்தார்களோ என்று எடுத்து எறிந்தேன். அழுக்கான கல்லறையைப் பார்த்துக்கொண்டு திரும்பிப்போக எங்கள் ஆட்களால் முடியாது. புல்லைப் பிடுங்கினேன். குழாயடியில் வாளி இருந்தது. தண்ணீர் மொண்டு வந்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

"ஒருத்தரும் வரேல்லை, மிஸ்ரர் மொறிஸ்."

அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஆறுதலாக இருக்கட்டுமென்று, "ஆனா வடிவாக் கழுவிவிட்டன். மேலை கிடந்த கல்லையும் எறிஞ்சிட்டன்" என்றேன்.

"என்ன கல்லு?"

யூதர் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதில்லை. வந்ததற்கு அடையாளமாக ஒரு கல் வைப்பார்கள். இதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. வெட்கத்தில் என் காது சுட்டது.

"எத்தினை?"

"அஞ்சு."

"எல்லாம் பழசோ?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். கற்கள் இருந்த இடத்தில் ஊத்தை வட்டங்கள் பிடித்திருந்தன. நாணயத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். நாலு வட்டம் சுரண்டினேன், ஐந்து அல்ல. ஐந்தாவது கல்லுக்குக் கீழே சுத்தமாக இருந்தது. மழையும் வெயிலும் ஒரு மாரியும் காணாத கல்.

அதைச் சொன்னதும் மொறிஸ் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறைக்காமலே அழுதார்.

திரும்பப் போய்ப் புல்லுக்குள் தவழ்ந்து ஐந்தையும் தேடி எடுத்து வைத்தேன். வீதியோரத்தில் மொறிஸ் பொறுக்கித் தந்த ஆறாவதையும் பக்கத்தில் வைத்தேன்.

"வாற வருசம் வந்து எண்ணிப் பார்ப்பாள்" என்றார். "எனக்கு உள்ளை வரேலாது எண்டு அவளுக்குத் தெரியும். ஆளனுப்பினனான் எண்டு விளங்கும்."

மாலை நாலரைக்கு வீடு வந்தேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன், அப்பாவின் கல்லறையைத் துப்புரவாக்கச் சொல்லி மன்னாரில் எங்கள் கோயிலைப் பார்க்கும் உபதேசியாருக்குக் கடிதம் எழுதுவேன். திருநாளுக்கு அங்கே மெழுகுதிரி கொளுத்துகிற அண்ணன் காணாமல்போய் இரண்டு வருடம். தேடிப்போக நானும் அங்கே இல்லை. சாப்பிடமுன் இந்த வருடக் கடிதத்தை எழுதினேன்: "உபதேசியார், இந்த முறை கழுவ வேண்டாம். மெழுகு உருகிக் கிடக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதுங்கள்."