தொலைந்த எருமையும் டெய்சி அக்காவும்

வியாழக்கிழமை மாலை அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் இருந்த டெய்சி அக்கா மதியமே இறந்துபோனாராம். மறுநாள் எனக்கு வேதியியல் பரீட்சை. புத்தகத்தை மூடவில்லை, ஆனால் ஒரு வரியும் படிக்கவில்லை.

ஆவடியில் நம் சபையாருக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூரில் திருகாணிக் கம்பெனி வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூந்தமல்லி பஸ் ஏறி பாரிவாக்கத்தில் இறங்குவார். எருமை வளர்த்துப் பால் ஊற்றும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவரிடம் வேதக் கதை கேட்க அங்கே காத்திருப்பார்கள். பாட்டுப் புத்தகங்களோடு நானும் போவேன்.

ஒருமுறை காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொன்னார். மேய்ப்பன் தேடிப் போகும் இடத்தில் முனியம்மா குறுக்கிட்டார்.

"தொலஞ்ச ஆடு எங்க டெய்சிம்மா கெடைக்கும்? இந்நேரம் எவன் ஊட்லயோ கொயம்பா கொதிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அன்று உவமை அங்கேயே நின்றது.

அடுத்த வாரம் ஆடு எருமையாகிவிட்டது. நூறு எருமை வைத்திருந்தவன் ஒன்றைத் தொலைத்தான், தேடினான், கண்டுபிடித்தான். ஆட்டுக் கதை சொல்லிய பழக்கதோஷத்தில் அக்கா, "தோள்மேல போட்டுக்கிட்டு சந்தோஷமா வந்தான்" என்று சொல்லிவிட்டார்.

"எருமைய எவனாச்சும் தோள்ல தூக்குவானா?" என்றார் முனியம்மா. "அது ஏரில போய்ப் படுத்துக்கினா, அதுவா எயுந்து வர்ற வரிக்கும் கரையில குந்திகினு கெடக்க வேண்டிதுதான்."

அக்கா சற்று யோசித்தார். "அப்ப ஆண்டவரும் நமக்காகக் கரையிலதான் உட்கார்ந்திருக்காரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முனியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த உவமையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வசனப் போட்டியில் மூன்று வருடம் முதல் பரிசு வாங்கியவள் நான். வேதத்தில் உள்ள உவமையில் எருமை இல்லை, ஏரிக்கரையும் இல்லை என்று சபைக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் சொன்ன பதிலைப் பின்னர் அப்பா வீட்டில் சொன்னார்: "நான் அவங்களுக்கு மேய்ப்பனையும் விளக்கி, ஆண்டவரையும் விளக்கணுமா சார்? ஒண்ணு போதுமே."

முடிவு எடுக்கும்வரை கதை சொல்லக் கூடாது என்றார்கள். அவர் மீறவில்லை. ஆனால் போவதையும் நிறுத்தவில்லை. சாணி தட்டும் பெண்களோடு சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். கடிதம் யாருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறுமுன் என்னிடம், "வர்றியா பெர்சி?" என்று மட்டும் கேட்பார். மூன்று வாரம் தலையைக் குனிந்துகொண்டேன். நான்காம் வாரம் போனேன்.

அன்று முனியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எருமைக் கதையை முழுக்க என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை விடவில்லை. கடைசியில், "நானும் ரொம்ப நாளா ஏரிக்குள்ளதான் கெடந்தேன் கண்ணு" என்றார். மறுநாளே கமிட்டித் தலைவரிடம் போய், நான் எழுதியது தவறு என்று சொன்னேன். கதைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கடிதத்தைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசியதில்லை.

அடக்கத்துக்கு அந்தப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "வர்ற ஞாயித்துக்கெயம யாரு வருவீங்க?" என்று முனியம்மா கேட்டார். போக ஆள் இல்லாததால் பாரிவாக்கம் ஊழியத்தை விட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த மூன்று வாரங்கள்தான். நான் எழுந்து வரும்வரை அவர் கரையில் இருந்தார். கமிட்டிக்கு இரண்டாவது கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாரிவாக்கத்துக்கு என்னை அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கதை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூந்தமல்லி பஸ்ஸில் இருப்பேன். அங்கே போய்ச் சும்மா உட்கார எனக்குத் தெரியும்.