பேனரைக் கழற்றாத ஆட்டோ

ஆட்டோவில் மைக் கட்டி உப்பு விற்றால் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். மனநோயைப் பற்றிப் பேசினால் வாசலில் நிற்பவர்களும் உள்ளே போய்விடுவார்கள். மனநல விழிப்புணர்வுக்காக ஊர் ஊராகப் போகும் இதே வேலையில் இருக்கும் சகாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "மனசுக்கும் காய்ச்சல் வரும், மறைக்காம வாங்க" என்று பேனர் கட்டிய எங்கள் வண்டிக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமே வைத்த பெயர் 'மெண்டல் வண்டி'. அதை ஓட்டுகிற ஒரே பாவத்துக்காக டிரைவர் வேல்முருகனுக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப் போனது. வேறு வண்டிக்குப் போய்விடு என்று நானே சொன்னேன். அவன் கேட்கவில்லை.

எந்த வீட்டு வாசல்?

ராஜபாளையத்தில் ஒரு தெருவில் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்து, அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டைக் காட்டினார். இப்படியே நகர்ந்து தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு வந்து, முழுப் பேச்சையும் அதற்கே பேசினேன். வந்த கோபத்தில் சத்தத்தையும் கூட்டி வைத்தேன். திரும்பும்போது அந்த அம்மாளிடம், அப்படி என்ன பயம் என்று கேட்டேன்.

"பயம் ஒண்ணுமில்ல தாயி. ஒங்க வண்டி எந்த வாசல்ல நிக்குதோ, அந்த வீட்டுலதான் ஆளு இருக்குன்னு தெருவே முடிவு பண்ணிரும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்

மில் வாசலில் ஷிப்ட் விடும் நேரம். நாங்கள் கொடுத்த நோட்டீஸில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள். ஒருவர் மட்டும் கூட்டம் கலையும்வரை நின்றார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் நாளைச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவரச் சொன்னேன்.

"கட்டாயம் கூட்டிட்டு வாரேன் மேடம். ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆளாத்தான் வருவோம்" என்றார்.

பெண் பார்க்கப் போன வண்டி

வ. புதுப்பட்டியில் வேல்முருகனுக்கு ஒரு வரன் கூடிவந்தது. பேனரைக் கழற்றிவிட்டு வரும்படி தரகர் கெஞ்சினார். இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அவன் அம்மா அழுதார். அவன் பேனரை நன்றாகத் துடைத்து, இன்னும் இறுக்கிக் கட்டினான். நானும் கூடப் போனேன்.

வண்டியைப் பார்த்ததுமே பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிப் போனது. எங்களை உட்காரவைத்துவிட்டு, யாராவது வண்டியைப் பார்க்கிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார். காபித் தட்டோடு வந்த பெண், ஜன்னல் வழியே பேனரை நின்று வாசித்தாள். தட்டை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவள், ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் வேல்முருகனை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இது எங்கண்ணன். மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடுதான். நீங்க வந்து போற வரைக்கும் இவனைத் தொழுவத்துல உக்கார வச்சிருந்தாக. இவனுக்கும் இங்க ஒரு நாற்காலி இருந்தாத்தான் எனக்குக் கல்யாணம்" என்றாள்.

வேல்முருகன் எழுந்து தன் நாற்காலியை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பும் இதே வண்டியில்தான், பேனர் கண்ணை உறுத்துகிறவர்கள் பந்திக்கு மட்டும் வந்தால் போதும்.