நாலு பாஷை அக்கா

ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைப்பவளை எல்லாரும் 'நாலு பாஷை அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பாஷை புரியாத நோயாளி யார் வந்தாலும் டாக்டர் அவளைத்தான் தேடுவார். வலி எங்கே, எத்தனை நாளாய் என்று கேட்டுச் சொல்வாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு, மொழிபெயர்ப்பாளர் என்று புதிதாக ஒரு பதவி வந்தது. அவளும் ஆபீசில் போய்க் கேட்டாள்.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?" என்றார் கிளார்க்.

"பேசத் தெரியும் சார். டாக்டரையே கேளுங்க."

"பேசுறதுக்கெல்லாம் யாரும்மா சர்டிபிகேட் தர்றா?"

அங்கே நின்றிருந்த டாக்டர் வார்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வேலைக்கு வந்த பட்டதாரிப் பெண்ணுக்கு இரண்டு பாஷைதான் தெரியும். முதல் வாரமே ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவள் திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அருகில் போய்க் கேட்டுச் சொன்னாள். அக்கா சொன்னதையெல்லாம் எழுதி, அந்தப் பெண் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டாள்.

ஓய்வு பெறும்வரை அதுதான் நடந்தது. கடைசி நாள் ஆபீசில் கொடுத்த பணிச் சான்றிதழை மகள் படித்துச் சொன்னாள்: "திறனற்ற பணியாளர்னு போட்டிருக்கும்மா."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லம்மா."

அதற்குப்பின் அவள் எந்தப் பாஷையிலும் அதிகம் பேசவில்லை.